பால்வாடியா, எல்கேஜியா, ஆர்டிஇ சீட்டா? சேலத்திலும் ஏற்காட்டிலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு எது சரி

ஏப்ரல், மே வந்தாலே அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை, கிச்சிப்பாளையம் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும், மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரே பேச்சுதான்: "எங்க சேர்க்கறீங்க?" பால்வாடியில் விடுவதா, பக்கத்து அரசுப் பள்ளி வளாகத்தில் எல்கேஜி நடக்கிறதாமே, அங்கே கேட்பதா, ஆர்டிஇ-யில், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் இலவச இடத்துக்கு, மனுப் போட்டுப் பார்ப்பதா, இல்லை கடனை உடனை வாங்கியாவது வேன் வருகிற நர்சரியில் சேர்த்துவிடுவதா? எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் தவணைக் கணக்கு முடிந்ததும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். அங்கே கேட்டதையும், அரசு விதிகளில் உள்ளதையும், ஏற்காட்டுப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியின் பெயர், சீருடை, பிள்ளை ஆங்கிலப் பாட்டு சொல்கிறதா என்பதையெல்லாம் அப்புறம் பாருங்கள். முதலில் இரண்டு கேள்வி. அம்மா வேலையில் இருக்கும் நேரம் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறதா? அந்த ஒரு ஆள் எத்தனை பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கிற இடம்தான் உங்கள் பிள்ளைக்கு நல்ல இடம். எது என்பது தெருவுக்குத் தெரு மாறும். மலைக்குப் போனால் கேள்வியே வேறு.

இவ்வளவு குழப்பம் வருவதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி அடிப்படை உரிமை. அரசியலமைப்பின் 21ஏ பிரிவு அதைச் சொல்கிறது. ஆறு வயதுக்குக் கீழே அந்த உரிமை கிடையாது. பிரிவு 45, ஆறு வயது வரையிலான பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு "முயல வேண்டும்" என்பதோடு நின்றுவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் மாநில அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் சொல்கிறது. அதனால் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் திட்டங்கள்தான். திட்டத்தை ஒரு அரசாணையில் தொடங்கலாம், இன்னொன்றில் நிறுத்தலாம். பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

பால்வாடி

அங்கன்வாடி என்று பலகையில் எழுதியிருந்தாலும் நம் வாயில் பால்வாடிதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் அதற்கு வேகம் கொடுத்தது. இன்றைக்கு மாநிலத்தில் 54,000-க்கும் மேல் மையங்கள். இத்தனை அருகில், நடந்து போய்ச் சேரும் தூரத்தில் வேறு எந்த ஏற்பாடும் கிடையாது.

சேலத்துக்காரர்கள் பால்வாடியைக் குறைவாகப் பேசும்போது எனக்கு மனசு வலிக்கும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே நம் மாவட்டத்தில்தான். பிறந்த பிள்ளை உயிரோடு இருக்க அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்த ஊர் இது. அந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்து, எடை பார்த்து, தடுப்பூசிக்கு அழைத்துப் போனதில் பால்வாடி டீச்சர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கே என்ன கிடைக்கும்? ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை வீட்டுக்குச் சத்துமாவு. இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்குச் சூடான மதியச் சாப்பாடு, வாரத்துக்கு 3 முட்டை. சாப்பிட்ட பிறகு பாயில் தூக்கம். மாதா மாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். பச்சை, மஞ்சள் என்று வண்ணப் பட்டைகள் இருக்கும். போன மாதம் பச்சையில் இருந்த புள்ளி இந்த மாதம் மஞ்சள் பக்கம் இறங்கினால், எந்த டாக்டரும் சொல்லாமலே அம்மாவுக்குப் புரிந்துவிடும். மாதம் ஆயிரக்கணக்கில் கட்டும் நர்சரிகளில் இதைச் செய்கிற இடத்தை நான் பார்த்ததில்லை.

குறை எங்கே என்றால், ஆள் பற்றாக்குறையில். ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். டீச்சர்தான் பதிவேடு எழுத வேண்டும், செல்போனில் போஷன் டிராக்கர் செயலியில் விவரம் ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். ஆயா சமையலில் இருப்பார். பாட்டும் கதையும் விளையாட்டும் நடக்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் பாயில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். டீச்சருக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம்.

இதற்குத் தீர்வு தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், நம் மாநிலத்தின் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் அரை நாள் பாடம் சொல்லித்தர இன்னொரு பணியாளரைக் கொடுத்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால் அந்த மையங்களில் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. பிள்ளைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக முன்னேறியிருந்தன. கூடவே, பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. 2021-இல் வெளிவந்த இந்த ஆய்வு சொல்வது எளிமையானது: கட்டடத்தையும் செயலியையும் விட இன்னொரு ஜோடிக் கைதான் தேவை.

ஆகவே பால்வாடியை முடிவு செய்வதற்கு முன் காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் ஒரு நடை போய் வாருங்கள். எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், டீச்சர் பிள்ளைகளோடு இருக்கிறாரா பதிவேட்டோடு இருக்கிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, விளையாட்டுச் சாமான் அலமாரியில் பூட்டியிருக்கிறதா தரையில் கிடக்கிறதா என்று பாருங்கள். தரையில் கலைந்து கிடந்தால் தயங்காமல் சேருங்கள்.

அரசுப் பள்ளி வளாகத்து எல்கேஜி

2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022-இல் அதை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் எதிர்த்தார்கள். அரசு முடிவை மாற்றிக்கொண்டு, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்துத் தொடர்ந்தது. திட்டம் எவ்வளவு லேசாக ஆடிப்போகும் என்பதற்கு இதை விட வேறு உதாரணம் வேண்டாம். 5,000 ரூபாய்க்கு ஒரு ஆசிரியை எத்தனை வருடம் மனம் தளராமல் இருப்பார் என்பது என் தீராத கவலை.

ஆனாலும் பெற்றோராக என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் இப்படி ஒரு வகுப்பு உண்மையாக நடந்துகொண்டிருந்தால் அதுதான் முதல் தேர்வு. பால்வாடிச் சாப்பாடும் முட்டையும் இருக்கும், பாடத்துக்கென்று தனி ஆளும் இருக்கும். அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்பு. போகும்போது புது இடம் என்ற பயம் பிள்ளைக்கு இருக்காது. ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவுத் திட்டமும் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பிரச்சினை, இது எல்லாத் தெருவிலும் இல்லை. ஆசிரியை இப்போது வருகிறாரா என்பதைத் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஆர்டிஇ சீட்டு

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 12(1)(சி) பிரிவின்படி தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தெரியாமல் மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய், பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், எல்கேஜிக்கு ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். இடத்தை விட மனு அதிகம் வந்தால் குலுக்கல்.

இதில் சேருகிற பிள்ளை எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாமல் படிக்கலாம். ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவதற்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே சட்ட வழி என்பதால் இதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கையில் பிடிக்கிற நேரத்தில் நழுவக்கூடியது. 2025-26 கல்வியாண்டில் ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியை நிறுத்தி வைத்ததால் ஏப்ரல், மேயில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவில் நடந்த இழுபறியில், ஜூன் மாதம் பை மாட்டிக்கொண்டு போக வேண்டிய பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். பணம் கட்டிச் சேர்க்க முடிந்தவர்கள் சேர்த்தார்கள். முடியாதவர்கள்தான் இந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ அவர்கள்.

கட்டணம் இல்லை என்றாலும் வேன், சீருடை, நோட்டு என்று வீட்டுக் காசு போகத்தான் செய்கிறது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அப்படியே வேனுக்குப் போகிறது என்று எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி சொன்னாள். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் வந்து நிற்கும். அப்போது பலர் அரசுப் பள்ளிக்கு மாறுகிறார்கள். இங்கே ஒரு நல்ல செய்தியைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்: ஆர்டிஇ-யில் எட்டாம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், பெண் பிள்ளை என்றால் கல்லூரியில் படிக்க உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் தகுதி உண்டு. ஆர்டிஇ எடுத்தால் அந்த வாய்ப்பெல்லாம் போய்விடும் என்று பயந்து ஒதுங்க வேண்டாம்.

மனுப் போடுங்கள். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றையும் பொங்கலுக்குள் எடுத்து வையுங்கள். ஏப்ரலில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. ஆனால் சீட்டு வரும் வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பால்வாடியில் விட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பணம் கட்டும் நர்சரி

இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. நல்ல நர்சரிகள் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கு கோடு நோட்டு கொடுத்து வீட்டுப்பாடம் எழுதச் சொல்லும் நர்சரிகள் அதை விட அதிகம். பென்சில் பிடிக்கும் வலு அந்த விரல்களுக்கு இன்னும் வந்திருக்காது. மண்ணைப் பிசைந்து, பாசி கோத்து, காகிதம் கிழித்து வர வேண்டிய வலு அது. இன்னொன்று, பல நர்சரிகளில் எல்கேஜி மதியமே முடிந்துவிடுகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் மதியத்துக்கு மேல் அம்மாயியோ அப்பாயியோ இருந்தால்தான் சமாளிக்க முடியும். சேர்ப்பதென்றால், அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2009 சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூன்று வயதுக்குக் கீழே

மேலே சொன்ன நான்கும் மூன்று வயது தொட்ட பிள்ளைக்கு. ஒரு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? அம்மாப்பேட்டையில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். "வீட்லதான இருக்கா" என்பார்கள். கையும் காலும் குழித்தறியில் இருக்கும்போது, தவழுகிற பிள்ளையை எந்தக் கையால் தூக்குவது? சேலையின் நுனியில் பிள்ளையின் காலைத் தறிக்கம்பத்தோடு கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்க்கு அது பாசம் இல்லாமல் செய்த காரியம் அல்ல. சாயத் தொட்டிப் பக்கம் போய்விடக் கூடாதே என்ற பயம். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் கேஸ் நெருப்பில் பற்றவைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடுகின்றன.

சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது; 2017 மகப்பேறு உதவிச் சட்டத் திருத்தம் அதைக் கொண்டுவந்தது. தறி வீட்டிலும் ஐந்தாறு பேர் பட்டறையிலும் அந்த 50 எங்கிருந்து வரும்? ஆகவே சேலத்துக்கு வேண்டியது தெருவுக்குப் பொதுவான காப்பகம். ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கு வழி இருக்கிறது: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள், அதற்கென்று தனி ஆட்கள். கேட்டு வாங்குவதற்குத்தான் ஆள் வேண்டும்.

மலை மேலே

ஏற்காடு போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிவிட்டால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. ஒன்பது ஊராட்சிகள், அவற்றுக்குள் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கம் ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி எங்கே இருக்கிறது, ஆர்டிஇ-யில் மனுப் போட? சமவெளியில் 400 முதல் 800 பேருக்கு ஒரு அங்கன்வாடி என்றால், மலைப் பகுதியில் 300 பேருக்கே ஒன்று, 150 பேர் இருந்தாலே குறு மையம் என்று விதி தளர்கிறது. ஆனால் விதி ஆட்களைத்தான் எண்ணுகிறது. பிள்ளை நடக்க வேண்டிய தூரத்தை எண்ணுவதில்லை. நாற்பது வீட்டுச் சிற்றூரிலிருந்து அடுத்த ஊர் மையத்துக்கு, பனியில், காட்டெருமை நிற்கும் தோட்டத்து வழியில், மூன்று வயதுப் பிள்ளையை யார் நடத்திக் கூட்டிப்போவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். அப்போதுதான் கூலி கிடைக்கும். அப்போதுதான் பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்காது. மலைவாசிக் குடும்பங்களுக்கு அப்போது உண்மையில் இருக்கிற தேர்வுகள் மூன்று. பிள்ளையைத் தோட்டத்துக்கே தூக்கிப்போய்ச் செடி நிழலில் சாக்கு விரித்து விடுவது. கிழவி ஒருத்தியிடம் ஐந்தாறு பிள்ளைகளை விடுவது. இல்லையென்றால் எட்டு, பத்து வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தித் தம்பியைப் பார்க்கச் சொல்வது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது, யார் கண்ணிலும் படாமல். பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கும், பெஞ்சில் அவள் இருக்க மாட்டாள். பிள்ளைக் காப்பகம் இல்லாததன் விலையைக் கட்டுவது கைக்குழந்தை மட்டும் இல்லை, அதன் அக்காளும்தான்.

தோட்டக் காப்பகம் என்ற வழி காகிதத்தில் வெகு நாளாக இருக்கிறது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண் தொழிலாளர்களோ அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 20 பேரோ இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தச் சட்டம் கரைந்துவிட்டது. காப்பகத்துக்கு மறுபடியும் 50 பேர் என்ற கணக்குதான். 20 பிள்ளைகள் என்ற அந்த இரண்டாவது வாசல் சின்னத் தோட்டங்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை யாரும் பேசாதது எனக்குப் பெரிய வருத்தம். சேர்வராயன் மலையில் சிறு காபித் தோட்டங்கள் நிறைய. நாலைந்து தோட்டங்கள் சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தச் சொன்னால்தான் இங்கே சட்டம் பிள்ளையைத் தொடும்.

மலைக் குடும்பத்துக்கு என் யோசனை இதுதான். பெரிய தோட்டத்தில் வேலை, காப்பகம் உண்மையாகத் திறந்திருக்கிறது என்றால் மூன்று வயது வரை அங்கே விடுங்கள். சத்துமாவுக்கு அங்கன்வாடியிலும் பெயரைப் பதிந்து வையுங்கள். மூன்று ஆனதும், நடக்க முடிகிற தூரம் என்றால் அங்கன்வாடி. தூரம் என்றால் சிற்றூரில் உள்ள ஐந்தாறு தாய்மார் சேர்ந்து, ஆள் மாற்றி ஆள் ஒருத்தர் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் கூட்டி வாருங்கள். ஒரு கூலி நாள் போகும், மற்ற நாட்கள் எல்லாருக்கும் மிஞ்சும். குடகுக்கும் கேரளாவுக்கும் மிளகு பறிக்கப் போகிறவர்கள் ஐந்து வயதுப் பிள்ளையை உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் விட்டுப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். பாட்டி ஊரில் இருந்தால் மட்டும் இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம் என்பேன். அந்த வயதில் ராத்திரியில் அழுதால் தூக்க ஒரு சொந்தக் கை வேண்டும்.

கீழே சேலத்தில், சொல்லிவிட்டேன்: பள்ளி வளாகத்து எல்கேஜி நடந்தால் அது. இல்லையென்றால் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்த பால்வாடி, கூடவே ஆர்டிஇ மனு. நர்சரி கடைசியில், அதுவும் கடன் இல்லாமல்.

காப்பகத்துக்கும் கூடுதல் பணியாளருக்கும் தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காது. மலை ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடும். காபிப் பறிப்பு தொடங்குவதற்கு முன் அக்டோபர் 2 சரியான நாள். "எங்கள் அங்கன்வாடியைக் காப்பகத்தோடு சேர்ந்த மையமாக மாற்றி, கூடுதல் பணியாளர் தர வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். சிற்றூர் வாரியாக ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர், வயது, அம்மா வேலைக்குப் போகும் நேரம், மையத்துக்கு நடக்கும் தூரம் நான்கையும் ஒரு தாளில் எழுதி அதோடு இணையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.